கம்பு றொட்டி தட்டப் போறீங்களா, முதல் தண்ணியைக் கொதிக்க வையுங்கோ

குரக்கன் றொட்டி சுடத் தெரிஞ்ச ஆக்கள்தான் இதில முதல் கவிழுறது, நானும் அப்பிடித்தான் கவிழ்ந்தன். எங்கட குரக்கன் றொட்டிக்குத் தேங்காய்ப்பூ போடுவம், வெங்காயம் பச்சமிளகாய் போடுவம், கன வீடுகளில ஒரு கை கோதுமை மாவும் சேப்பினம், மொத்தமாத் தட்டிக் கல்லில போட்டா வேலை முடிஞ்சுது. ஆனா இந்தியாவில குஜராத் பக்கம் ரோட்லா, மகாராஷ்டிராவில பாக்ரி, வட கர்நாடகாவில ஜோளத ரொட்டி எண்டு கம்பு மாவிலயோ இறுங்கு (வெள்ளைச் சோளம்) மாவிலயோ சுடுற சாமானில வெறும் மாவும் தண்ணியும்தான், சில வீடுகளில உப்புக்கூடப் போடாயினம். அதை மெல்லிசாத் தட்டி உடையாமத் தூக்கிக் கல்லில போடோணும். நான் பச்சத்தண்ணி விட்டுக் குழைச்சுத் தட்டின முதல் நாள் கல்லில விழுந்தது றொட்டி இல்லை, துண்டு துண்டாக் கொட்டுண்ட ஏதோ ஒண்டு.

ஏன் உடையுது எண்டா கம்பு, குரக்கன், இறுங்கு ஒண்டிலயும் குளூட்டன் இல்லை. கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கிறது அந்தக் குளூட்டன்தான். அது இல்லாத இடத்தில மாவில இருக்கிற மாச்சத்தைச் சூட்டால வேக வைச்சுப் பசையாக்கினாத்தான் பிடிக்கும். இது எங்களுக்குப் புதுசே இல்லை, இடியப்பத்துக்குக் கொதிதண்ணி விட்டு அகப்பைக் காம்பால கிளறுறம் எல்லோ, அதே வேலை. அதால றொட்டி எண்ட நினைப்பை விட்டிட்டு இடியப்ப மா குழைக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு தொடங்குங்கோ, பாதிப் பிழை அங்கேயே போயிடும்.

மா வாங்கேக்க ஒரு கரைச்சல் இருக்கு. தமிழ்நாட்டு வீடியோக்களில "சோள ரொட்டி" எண்டு சொல்லுறது வெள்ளைச் சோளம், அதாவது எங்கட பழைய ஆக்கள் இறுங்கு எண்டு சொல்லுறது. இஞ்ச கொழும்பில கடையில சோள மா கேட்டா மஞ்சள் சோளத்தின்ர மாவையோ, கஸ்டேட்டுக்குப் போடுற வெள்ளை மாவையோ தூக்கித் தருவினம், அது ரெண்டும் இதுக்குச் சரிவராது. வெள்ளவத்தையில இந்தியச் சாமான் விக்கிற கடைகளில ஜோவார், பாஜ்ரா எண்டு பேர் சொல்லிக் கேளுங்கோ, ஜோவார் எண்டா இறுங்கு, பாஜ்ரா எண்டா கம்பு. தானியமா வாங்கி மில்லில குடுத்து அரைக்கிறது இன்னும் நல்லம், ஆனா வறுக்க வேண்டாம் எண்டு கட்டாயம் சொல்லுங்கோ, இல்லாட்டிப் பிட்டு மா மாதிரி வறுத்துத் தந்திடுவினம். வீட்டில ஆருக்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாட்டி மில் வேண்டாம், அதே மெஷினில கோதுமையும் அரைபடும்.

கம்பில எண்ணெய்த்தன்மை கூட. அரைச்சு வைச்சா கெதியாக் கசக்கும், அதுவும் கொழும்பு வெக்கைக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு சிட்டிகை வாயில போட்டுப் பாருங்கோ, தொண்டையில கசப்பு நிண்டா அந்த மாவை என்ன செய்தும் திருத்தேலாது. கொஞ்சமா அரைச்சு ஃபிரீசரில வைச்சு எடுங்கோ.

இனிக் குழைக்கிறது. ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் தண்ணி, மா பழசெண்டா இன்னும் கொஞ்சம் இழுக்கும், அதால பக்கத்தில சுடுதண்ணி மிச்சம் வைச்சிருங்கோ. தண்ணி தளதளவெண்டு கொதிக்கேக்க அடுப்பை நிப்பாட்டிட்டு மாவைக் கொட்டி அகப்பைக் காம்பால கிளறி மூடி விடுங்கோ, பத்து நிமிசம் திறக்க வேண்டாம். பிறகு கை தாங்கிற சூட்டில எடுத்து உள்ளங்கை அடியால தேய்ச்சுத் தேய்ச்சுக் குழையுங்கோ, அஞ்சு நிமிசமாவது, இதுக்குத்தான் கை வலிக்கும், இதை விட்டா விளிம்பு வெடிக்கும். ஒரு உருண்டையை அமத்திப் பாருங்கோ, ஓரத்தில வெடிப்பு வந்தா தண்ணி தொட்டு இன்னும் குழைக்கோணும், அவ்வளவுதான் சோதினை. ஒரு கப்புக்கு நாலு றொட்டி வரும். குழைச்ச மாவை அப்பிடியே தட்டாம, ஒவ்வொரு உருண்டையாத் திருப்பித் தேய்ச்சுத் தட்டினா நல்லம்.

அங்கத்தைப் பொம்பிளையள் பலகையில மா தூவி ஒரு கையால தட்டத் தட்ட றொட்டி தானாச் சுத்தும், பாக்க வடிவா இருக்கும், எங்களுக்கு முதல் நாளே வராது. சோத்துப் பார்சல் சுத்துற லஞ்ச் சீட் ரெண்டுக்கு நடுவில வைச்சுத் தட்டுங்கோ, இல்லாட்டி வாழையிலையில. இதில வெக்கப்பட ஒண்டும் இல்லை.

கல்லு இரும்புக் கல்லா இருந்தா நல்லம், நொன்ஸ்டிக் இந்தச் சூட்டுக்குக் கூடாது. தண்ணி தெளிச்சா துள்ளி ஓடோணும், அப்பதான் றொட்டியைப் போடுறது. எண்ணெய் வேண்டாம். மா தூவித் தட்டினீங்கள் எண்டா மா ஒட்டின பக்கம் மேல வரோணும். போட்ட உடன துணியை நனைச்சு மேல முழுக்கத் தண்ணி பூசுங்கோ, அந்த ஈரம் வத்துற நேரம் பாத்துத் திருப்போணும், முழுக்கக் காய விட்டா வெடிக்கும், ஈரத்தோட திருப்பினாக் கல்லில ஒட்டும். மற்றப் பக்கம் ஒரு ரெண்டு நிமிசம், மண்ணிறப் புள்ளி வந்த பிறகு முதல் பக்கத்தைக் காஸ் நெருப்பில நேரா வைச்சா பூரி மாதிரி ஊதும். மின்சார அடுப்புக்காரர் கல்லிலயே விட்டுத் துணியால அமத்தி அமத்தி எடுங்கோ, பாதியாவது ஊதும். ஊதாட்டியும் சாப்பிடலாம், எனக்கு மூண்டாவது முறைதான் ஒண்டு ஊதினது, அதையும் ஃபோட்டோ எடுக்க முதலே மகன் பிச்சிட்டான்.

ராஜஸ்தான் பக்கம் இதுக்கு நெய்யும் வெல்லமும் வைப்பினம், மகாராஷ்டிராவில கத்தரிக்காயும், தெச்சா எண்டு சொல்லுற இடிச்ச பச்சமிளகாய்ச் சம்பலும். இஞ்ச எனக்குக் கருவாட்டுக் குழம்புதான், கட்டச்சம்பலும் பொருந்தும். பாற்கறி மட்டும் எடுபடாது, கம்பின்ர மண்வாசம் அதை அமத்திப்போடும். சூட்டோட சாப்பிட்டிடோணும், டப்பாவில மூடி வைச்சா வேர்த்து ரப்பர் மாதிரி ஆகும், மிஞ்சினதைத் துணியில சுத்தி வைச்சு அடுத்த நாள் கல்லில மொறுமொறுப்பாக் காய விட்டு நொறுக்கித் தயிரும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசையுங்கோ.