வாட் நேர்ஸுக்கு நன்றிக் கடிதம்: எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது

துண்டு வெட்டுகிற அன்று, அதாவது நோயாளியை வீட்டுக்கு விடுகிற அன்று, ஒரு கேக் பெட்டியை வாட்டில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது எங்கள் வன்னிப் பக்கத்து வழக்கம். அதில் பிழையில்லை. ஆனால் அந்த நேரம் டியூட்டியில் நிற்பவர்கள்தான் அதைச் சாப்பிடுவார்கள். அப்பாவை இரவிரவாகப் புரட்டிப் படுக்கவைத்த நேர்ஸ் அன்று லீவில் இருப்பார். நன்றி அவருக்கே போய்ச் சேர வேண்டுமென்றால் கடிதம்தான் வழி.

முதலில் பெயர். "அந்தக் கண்ணாடி போட்ட மிஸ்" என்று எழுதினால் அலுவலகத்தில் யாருக்கும் விளங்காது. சட்டையிலுள்ள பெயர்ப் பட்டியைப் பாருங்கள், இல்லாவிட்டால் வாட் சிஸ்டரிடம் முதலெழுத்தோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர், வாட் இலக்கம், கட்டில் சீட்டு இலக்கம், அனுமதித்த திகதி, வெளியேறிய திகதி எல்லாம் துண்டிலேயே இருக்கும்.

கடிதத்தை நேர்ஸின் பெயருக்கு எழுதாமல் வைத்தியசாலைத் தலைமைக்கு எழுதுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் என்றால் பணிப்பாளருக்கு. மாங்குளம் போன்ற ஆதார வைத்தியசாலை என்றால் வைத்திய அத்தியட்சகருக்கு. சின்ன ஆஸ்பத்திரி என்றால் பொறுப்பு வைத்திய அதிகாரிக்கு. "இதன் பிரதியை அவரது தனிப்பட்ட கோவையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்ற வரியை விடவேண்டாம். நான்கு பிரதி எடுங்கள்: ஒன்று தலைமைக்கு, ஒன்று மேட்ரனுக்கு (தாதியர்களுக்குப் பொறுப்பானவர்), ஒன்று அந்த நேர்ஸின் கையில், ஒன்று உங்களிடம். நேரில் கொடுத்தால் உங்களிடம் இருக்கிற பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். தூரத்து ஆட்கள் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

கடிதத்தின் உடலில்தான் பலர் சறுக்குவது. "தெய்வம் போல் பார்த்தார்" என்று அரைப் பக்கம் எழுதுவதை விட, "படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டினார், குழாயால் உணவு கொடுக்க மகளுக்குப் பழக்கினார்" என்ற ஒரு வரி பெறுமதியானது. அதைவிட முக்கியம், பாராட்டு அவருக்கே வினையாகக் கூடாது. "பார்வை நேரம் முடிந்தும் எங்களை உள்ளே விட்டார்", "டொக்டர் வர முதலே தானே ஊசி போட்டார்" என்றெல்லாம் எழுதினால் நீங்கள் நன்றி என்று நினைப்பது அலுவலகத்தில் முறைப்பாடாக வாசிக்கப்படும். மற்ற நேர்ஸ்மாரைக் குறைத்து இவரை உயர்த்துவதும் வேண்டாம். நாளைக்கும் அவர்களோடுதான் அவர் வேலை செய்யவேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.

வன்னி ஆஸ்பத்திரிகளில் தெற்கிலிருந்து வந்த சிங்கள நேர்ஸ்மாரும் வேலை செய்கிறார்கள். கடிதம் தமிழில் இருக்கலாம், ஆனால் அவர் கையில் கொடுக்கும் பிரதியோடு தெரிந்தவரைக் கொண்டு நாலு வரி சிங்களத்தில் எழுதுவித்து வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாய்க்கு வாசித்துக் காட்டுவார்.

காசு கொடுக்க வேண்டாம், கவருக்குள் வைத்தும் வேண்டாம். அரச உத்தியோகத்தருக்குக் காசு என்றால் அது இலஞ்சக் கதையாகி, மாட்டுப்படுவது அவர்தான். பாலைப்பழமோ அவித்த கச்சானோ என்றால் வாட்டுக்கே பொதுவாகக் கொடுங்கள். பெரும்பாலும் காலை 7, பகல் 1, இரவு 7 மணிக்கு ஆள் மாறும். அந்த நேரம் நோயாளிகளை ஒப்படைக்கிற வேலை நடக்கும், குறுக்கே போகவேண்டாம். சக்கர நாற்காலி, விரிப்பு என்று ஏதும் வாங்கிக் கொடுக்க விருப்பமென்றால் முதலில் தலைமையிடம் என்ன தேவை என்று கேட்டு, எழுத்தில் கொடுத்து, பொருட்பதிவேட்டில் ஏற்றுவியுங்கள்.

ஆள் தவறியிருந்தால் 31ஆம் நாள் கொடுக்கும் கல்வெட்டில் (நினைவுப் புத்தகத்தில்) "வைத்தியர்கள், தாதியர்கள்" என்று பொதுவாகப் போகும் நன்றி நவிலலில் வாட் இலக்கத்தையும் சேருங்கள். நேர்ஸின் பெயரோ படமோ போடுவதென்றால், முகநூலிலும் சரி, அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர் அதற்குள் இடமாற்றம் கிடைத்துப் போயிருந்தால் மேட்ரன் அலுவலகத்தில் புது இடத்தை விசாரித்து, கடிதத்தின் ஒரு பிரதியை அங்குள்ள தலைமைக்கும் அனுப்பலாம்.