ரிப்போர்ட் நார்மல் என்றதும் ஃபைலை மூடிவிடாதீர்கள்

"டிரெட்மில் டெஸ்ட் எடுத்து மூணு மாசம்கூட ஆகலையே, எல்லாம் நார்மல்னுதானே சொன்னாங்க?" மாரடைப்பு வந்தவரின் வீட்டார் கலங்கிப்போய்க் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் அந்தச் சோதனையைத் தப்பாகச் செய்திருக்க மாட்டார்கள். அந்தச் சோதனையால் பதில் சொல்ல முடியாத கேள்வியை அதனிடம் கேட்டிருப்பார்கள்.

ஓடும் பட்டையில் நடக்கவைத்து ஈசிஜி எடுப்பதுதான் டிரெட்மில் டெஸ்ட். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். துடிப்பு ஏற ஏற இதயத் தசைக்கு ரத்தம் கூடுதலாகத் தேவைப்படும். அந்த ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயான தமனி ஏறக்குறைய 70 சதவீதம் அடைத்திருந்தால் தேவைக்கு ரத்தம் போய்ச் சேராது. ஈசிஜி கோடு தாழ்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும். அடைப்பு 40 சதவீதம்தான் என்றால்? ரத்தம் தாராளமாக ஓடும், கோடு அசையாது. ஆனால் மாரடைப்புகளில் கணிசமானவை இப்படிப்பட்ட சிறிய கொழுப்புப் படிவுகளிலிருந்துதான் வருகின்றன. படிவின் மேல் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, நேற்றுவரை பாதிக்குமேல் திறந்திருந்த குழாய் சில நிமிடங்களில் அடைபட்டுவிடும். ஆகவே நார்மல் டிரெட்மில் ரிப்போர்ட்டுக்கு ஒரே பொருள்தான்: இன்று, இந்த அளவு உழைப்பில், ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் பெரிய அடைப்பு தென்படவில்லை. படிவே இல்லை என்று அது சொல்லவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் சிகரெட்டைத் தொடர்வதும்தான் இந்த விஷயத்தில் நான் மிகவும் அஞ்சும் தவறுகள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாதவர், 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று டிரெட்மில்லில் ஏறுவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேரில் 50 பேருக்கு உண்மையிலேயே பெரிய அடைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 100 பேரில் 70 பேரைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 80 பேரைச் சரியாக விட்டுவிடும் என்ற தரத்தில் ஒரு சோதனை. அந்த 50 பேரில் 35 பேர் பிடிபடுவார்கள். மீதி 950 பேரில் 190 பேருக்கும் 'பாசிட்டிவ்' என்று வரும். ஆக, பாசிட்டிவ் வந்த 225 பேரில் நிஜ நோயாளி 35 பேர்தான். மற்றவர்கள் தேவையில்லாத பயத்தோடு, சிலர் தேவையில்லாத ஆஞ்சியோகிராமோடும், வீடு திரும்புவார்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு என்று காரணம் இருந்து சோதிக்கும்போது மட்டுமே இதே சோதனையின் பேச்சுக்கு எடை கூடுகிறது.

அப்படியானால் வருங்கால ஆபத்தை எதை வைத்துக் கணிப்பது? வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகைப்பழக்கம். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைப் பின்தொடரத் தொடங்கிய ஆய்வு முதல் இன்றுவரை, பத்தாண்டு ஆபத்தைச் சொல்லும் கணக்கீடுகள் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. அவற்றைக் கையாள்வதிலும் சறுக்கல்கள் உண்டு. அந்தக் கணக்கில் வயதுக்கு எடை அதிகம். புகைபிடிக்கும் 35 வயதுக்காரருக்குப் பத்தாண்டு ஆபத்து சிறிய எண்ணாகவே வரும். அவருடைய வாழ்நாள் ஆபத்து சிறியதல்ல. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன் இதயநோய் வந்திருந்தால் அதைக் கேட்காத கணக்கீடுகளும் இருக்கின்றன. பெண்களிடம் கர்ப்பகால ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை, சீக்கிரமே நின்ற மாதவிடாய் பற்றி யாரும் விசாரிப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இந்த மூன்றுமே பின்னாளைய இதய ஆபத்தைக் கூட்டுபவை.

ரத்த அழுத்தத்தை மாடியேறி வந்த மூச்சோடு, பேசிக்கொண்டே, சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றி ஒரே ஒரு முறை பார்த்து எழுதிவிடுவார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்து, குறைந்தது இரண்டு முறை எடுக்க வேண்டும். அடிப்படை எண்ணே தப்பு என்றால் அதன் மேல் போட்ட கணக்கு என்னாகும்?

இதயத் தமனிகளில் படிந்த சுண்ணாம்பை ஸ்கேன் மூலம் அளந்து சொல்லும் கால்சியம் ஸ்கோர் பூஜ்யம் என்றால் நல்ல செய்திதான். ஆனால் சுண்ணாம்பு படியாத மென்மையான கொழுப்பு அந்த ஸ்கேனில் தெரியாது. நெஞ்சுவலி உள்ளவருக்கு அந்தப் பூஜ்யம் மட்டும் போதாது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஸ்கோர் கூடலாம். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

பக்கவாதத்துக்கு வருவோம். இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது. பலருக்கு அது வந்து வந்து போகும். சாதாரண ஈசிஜி பதிவாவது 10 விநாடி. ஒரு நாளில் அப்படி 8,640 பத்து விநாடிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு 'துடிப்பு ஒழுங்காக இருக்கிறது' என்று எழுதுவது எவ்வளவு துணிச்சல்! படபடப்பு சொல்பவருக்கும், காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்தவருக்கும் ஒரு நாள் முழுக்க உடலில் மாட்டிக்கொண்டு துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியோ அதைவிட நீண்ட பதிவோ தேவைப்படும். இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்ப் திறன் 60 சதவீதம் என்று வந்தாலும் இந்த நடுக்கம் இல்லை என்றாகாது. நடுக்கம் உறுதியானபின், ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தேவைப்படுபவருக்கு 'ஆஸ்பிரின் போதும்' என்று விட்டுவிடுவதும் பரவலான பிழை. அந்தத் தடுப்பை ஆஸ்பிரின் தராது.

கடைசியாக, கணக்கீட்டுக்கே இடமில்லாத நேரம் ஒன்று உண்டு. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறி, பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டால், 'போய்விட்டது' என்று அடுத்த வாரம் செக்கப்புக்குத் தேதி வாங்குகிறார்கள். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது அடுத்த இரண்டு நாட்களில்தான். மூளை ஸ்கேன், கழுத்துத் தமனி, இதயத் துடிப்பு மூன்றையும் தாமதமில்லாமல் பார்க்க வேண்டும். நோயாளி நன்றாக நடந்து பேசிக்கொண்டிருந்தாலும், அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.