கம்பியைக் காங்கிரீட் இறுகப் பற்றுவதற்கு: ஊற்றும்போது கவனிக்க வேண்டியவை

டிஎம்டி கம்பிக்கும் (கட்டடங்களில் பயன்படும், வரிகளுள்ள எஃகுக் கம்பி) காங்கிரீட்டுக்கும் இடையிலான பிடிப்பு பெரும்பாலும் கம்பியின் மேலுள்ள வரிகளுக்கிடையே சிமெண்ட் சாந்து புகுந்து இறுகுவதால் கிடைக்கிறது. வெறும் ஒட்டுதலின் பங்கு சிறிதே. இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456:2000, எம்20 காங்கிரீட்டில் (சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கும் தரம்) மழமழப்பான கம்பிக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 1.2 நியூட்டன் பிடிப்பை அனுமதித்து, வரியுள்ள கம்பிக்கு அதை 60 சதவீதம் உயர்த்திக்கொள்ளச் சொல்கிறது. அதன்படி, இழுவிசை தாங்கும் 415 தரக் கம்பிக்கு (சதுர மில்லிமீட்டருக்கு 415 நியூட்டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்குவது) அதன் விட்டத்தைப் போல் சுமார் 47 மடங்கு நீளம் காங்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும்; 16 மி.மீ. கம்பியானால் ஏறத்தாழ 750 மி.மீ. கம்பியைச் சுற்றி எங்கும் இடைவெளி இல்லை என்று கொண்டுதான் இந்தக் கணக்கு போடப்படுகிறது. ஊற்றும் முறை பிழைத்தால் வரைபடத்தில் உள்ள நீளம் பயன் தராது.

ஊற்றுவதற்கு முன் கம்பியில் உதிரும் துரு, மண், முந்தைய வேலையில் தெறித்துக் காய்ந்த சிமெண்ட் ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் நீக்கிவிடுங்கள். உதிராத மெல்லிய துருவால் தீங்கில்லை. பலகையில் காங்கிரீட் ஒட்டாமலிருக்கப் பூசும் சென்ட்ரிங் எண்ணெயைக் கம்பி கட்டுவதற்கு முன்பே பூசிவிட வேண்டும். எண்ணெய் பட்ட கம்பியைக் காங்கிரீட் பற்றாது. ஜல்லியின் அளவு, முதன்மைக் கம்பிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைவிட 5 மி.மீ.யாவது சிறியதாக இருக்கட்டும்.

தூணில் காங்கிரீட் விழும் உயரம் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உயரத்திலிருந்து கொட்டினால் கலவை, தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங்குகளில் மோதிப் பிரிந்து, ஜல்லி அடியில் குவிந்துவிடும். நம் ஊர் வீடுகளில் கம்பிகளைப் பெரும்பாலும் தூணின் அடியில்தான் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுகிறார்கள் என்பதால், பிடிப்பு மிகுதியாகத் தேவைப்படும் அதே இடத்தில் தேன்கூடு (சாந்து நிரம்பாமல் ஜல்லிக்கிடையே விடுபடும் ஓட்டைகள்) விழுகிறது. பலகையின் பக்கவாட்டில் திறப்பு விட்டோ, குழாயை உள்ளே இறக்கியோ ஊற்றுவது நல்லது. பிறகு மேலே சாந்து பூசி மறைக்கப்படும் தேன்கூடு கண்ணுக்கு மட்டுமே மறைகிறது.

ஒவ்வொரு அடுக்கும் 300 முதல் 450 மி.மீ. உயரத்துக்குள் இருக்கட்டும். காங்கிரீட்டை அதிரவைக்கும் வைப்ரேட்டர் ஊசியை நிமிர்த்தி விரைவாக இறக்கி, கீழடுக்குக்குள்ளும் சற்று நுழையவிட்டு, காற்றுக்குமிழி வருவது நின்றதும் மெதுவாக வெளியே எடுங்கள். ஊசியால் கலவையைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனால் சாந்து ஓடிவிடும், ஜல்லி பின்தங்கும். கீழ்ப்பகுதி இறுகத் தொடங்கிய பின் கம்பியை அதிரவைப்பது, அங்கே உருவாகிக்கொண்டிருக்கும் பிடிப்பை உடைத்துவிடும். மறுநாள் தூண் கம்பிகளை வளைத்து நேராக்குவதும் இதே கேட்டைச் செய்வதுதான். ஆனால் அதைத் தவறென்று எண்ணுபவர்கள் குறைவு.

ஆழமான பீமின் மேல்கம்பிதான் அதிகக் கவனம் கேட்கும் இடம். புதிய காங்கிரீட்டில் கனமானவை கீழே அமர, நீர் மேலே எழுகிறது. அந்த நீர் கிடைக்கம்பியின் அடிப்பக்கத்தில் தங்கி, காய்ந்த பின் அங்கே மெல்லிய வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். கம்பியின் கீழ்ப்பாதி மட்டும் காங்கிரீட்டைத் தொடாமல் இருக்கும். கம்பிக்கு அடியில் 300 மி.மீ.க்கு மேல் காங்கிரீட் இருந்தால் கம்பியின் நீளத்தை 1.3 மடங்காக்க வேண்டும் என அமெரிக்க விதித்தொகுப்பான ஏசிஐ 318 கூறுவதற்குக் காரணம் இதுவே. ஆகவே, கலவை கெட்டியாக இருக்கிறது என்று மேஸ்திரி தண்ணீர் கேட்டால் கொடுக்காதீர்கள். இளக்கம் தேவையென்றால் கலவையை வடிவமைக்கும்போதே அதற்கான ரசாயனக் கலப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். பீமை முதலில் நிரப்பி, அது அமர்வதற்குச் சற்று நேரம் கொடுத்து, இறுகுவதற்கு முன்பே தளத்தை ஊற்றுங்கள். ஊசி தன் எடையிலேயே இறங்கும் அளவுக்குக் காங்கிரீட் இன்னும் இளக்கமாக இருந்தால், மேல்கம்பியை ஒட்டிய பகுதியை ஒருமுறை மீண்டும் அதிரவைப்பது அந்த வெற்றிடத்தைப் பெருமளவு மூடும்.

குழியின் சுவர் சரியாமல் தாங்கும் பென்டோனைட் களிமண் குழம்பு நிரம்பிய பைல் (ஆழமான தூண் அடித்தளம்) குழியில் நிலைமை வேறு. அங்கே காங்கிரீட்டைக் குழியின் அடிக்குக் கொண்டுசெல்லும் டிரெமி குழாயின் அடிமுனை எப்போதும் காங்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். கீழிருந்து தடையின்றி எழும் காங்கிரீட்தான் கம்பியில் படிந்த குழம்பைத் துடைத்துத் தள்ளுகிறது. வேலை நடுவில் நின்றால் குழம்பின் படலம் தடித்துப் பிடிப்பைக் குறைக்கும். முதலில் மேலேறி வரும் காங்கிரீட் குழம்போடு கலந்திருப்பதால், தேவையான மட்டத்துக்கு மேலேயும் ஊற்றி, இறுகிய பின் அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்து, வெளிப்படும் கம்பிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே பைல்களின் தலையை இணைக்கும் காங்கிரீட் பாளமான பைல் கேப்புக்கான வேலையைத் தொடங்க வேண்டும்.