ஆண்டிறுதி அரசியல் கட்டுரை: மரபு பேணுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் வந்தால் திருகோணமலையில் எழுத்தில் ஆர்வமுள்ள தம்பி தங்கையர் பலர் அந்த ஆண்டின் அரசியலைத் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். மரபு பேணும் பார்வையில் எழுதுவோரும் அவர்களில் இருக்கிறார்கள். அது நல்ல விடயம். கோயில் காணி, குடும்பம், கடனுக்கு அஞ்சும் அரசு, அடிக்கடி ஆட்டம் காணாத சட்டம் என்று பேச இங்கே ஆள் வேண்டும். ஆனால் வரைவுகளைக் கையில் எடுத்தால் ஆண்டுக்காண்டு அதே சறுக்கல்கள்தான். பெயர்ப் பிழை, திகதிப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை எவரும் திருத்திக்கொள்ளலாம்.

ஆசனத்தை வாக்கென்று எண்ணுவது

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், இப்போது ஆளும் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. மூன்றில் இரண்டுக்கு 150 போதும். இதை வைத்துக்கொண்டு 'பத்தில் ஏழு பேர் அவர்களுக்கே வாக்களித்தார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். வாக்கு வீதம் 61ஐச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான்.

எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். மொத்தம் 4 ஆசனம். முதலிடம் வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போக, விகிதாசாரத்தில் பங்கிட மிஞ்சுவது 3. அந்த மூன்றில் தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. ஆளும் கட்சியின் இரண்டாவது ஆசனம் போனஸால் வந்தது. 'திருகோணமலைத் தமிழரில் பாதிப்பேர் கைமாறிவிட்டார்கள்' என்று எழுதுமுன் திருகோணமலை, மூதூர், சேருவில என்ற மூன்று தொகுதிகளின் முடிவையும் தனித்தனியே எடுத்து வைத்துப் பாருங்கள்.

அறிவிப்பை நடந்த காரியமாக எழுதுவது

என்னால் பொறுக்க முடியாத தவறு இது. ஒரு தம்பியின் வரைவு, 'இந்த அரசு பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கியது' என்று தொடங்கியது. அடுத்த இரண்டு பக்கமும் அதனால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன நேரும் என்ற கவலை. உண்மையில் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமான அது 2025 முடியும்வரை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் கேட்டது நீக்குவோம் என்ற ஒரு மேடைப் பேச்சு. 2023இல் மார்ச்சில் ஒரு முறையும் செப்டெம்பரில் ஒரு முறையும் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம், அதாவது சட்டமாகுமுன் உள்ள வரைவு, வர்த்தமானியிலேயே வெளிவந்தது. அதுகூடச் சட்டமாகவில்லை.

ஒரு யோசனை சட்டமாகும் வழி நீளமானது. அமைச்சரவை தீர்மானிக்கும்; சட்டவரைஞர் வரைவார்; சட்டமா அதிபர் அரசியலமைப்புக்கு முரண் இல்லையென்று பார்ப்பார்; வர்த்தமானியில் சட்டமூலம் வெளியாகும்; பிறகு பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும். அங்கிருந்து குறித்த நாள்களுக்குள் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். அதன்பின் இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு, கடைசியாக, சட்டமூலம் நிறைவேறியது என்ற சபாநாயகரின் சான்றுரை.

சான்றுரை விழுந்துவிட்டால் அரசியலமைப்பின் 80(3) உறுப்புரைப்படி அந்தச் சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் வாதிட முடியாது. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரி 24 அன்று நிறைவேறி, அந்த ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமானது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாகச் சேர்க்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தும் சட்டம் நின்றது. பொருந்தாத சட்டத்தை மறிக்கக்கூடிய காலம் சட்டமூலமாக இருக்கும் அந்தச் சில நாள்கள்தான். மரபு பேணுபவர் விழித்திருக்க வேண்டிய நேரமும் அதுவே. அறிவிப்பைப் பார்த்தே கூச்சலிட்டு ஓய்ந்தவர், சட்டமூலம் வரும்போது வாசிக்க மாட்டார்.

இந்தத் தவறுக்கு எங்கள் ஊர் கொடுத்த விலை கண்முன்னே இருக்கிறது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8. அதன் காலம் 2017 செப்டெம்பர் 30 அன்று முடிந்தது. அதே மாதம் நிறைவேறிய 17ஆம் இலக்கச் சட்டம் பழைய விகிதாசார முறையை எடுத்துவிட்டுத் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையைக் கொண்டுவந்தது. கலப்பு முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பழைய முறை போய்விட்டது, புதியது வரவில்லை. உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 நடந்தேறியது. மாகாண சபைத் தேர்தல் 2025 முடியும்வரை நடக்கவில்லை. உவர்மலையிலுள்ள செயலகத்திலிருந்து ஆளுநர்தான் நிருவாகத்தை நடத்துகிறார். தேர்தல் 'விரைவில்' என்று வந்த அறிவிப்புகளை எண்ணி எழுதிய ஆண்டிறுதிக் கட்டுரைகள் ஒன்றும் இந்தச் சட்ட முடிச்சைத் தொடவில்லை. மாற்று ஆயத்தமாகுமுன் இருப்பதை இடிக்காதே என்று மரபுவாதி சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதைக் கண்டுகொள்ளாமல் போவதுதான் எரிச்சலூட்டுகிறது.

வரைவை முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். 'நீக்கியது', 'வழங்கியது', 'கொண்டுவந்தது' என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் சட்ட இலக்கத்தையும் சான்றுரைத் திகதியையும் பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அது 'நீக்கப்போவதாகச் சொன்னது'. சட்டமூலமும் சட்டமும் பாராளுமன்ற இணையத்தளத்தில் தமிழிலேயே கிடைக்கும்.

குத்தகையை விற்பனை என்பது

சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் 99. 2022 ஜனவரி குத்தகை உடன்படிக்கைப்படி 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 கூட்டு நிறுவனத்துக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். எதிர்ப்பதானால் இந்த எண்களை வைத்து எதிர்க்கலாம். 'குதங்களை விற்றுவிட்டார்கள்' என்று எழுதினால் அடுத்த வரியை யாரும் நம்பமாட்டார்கள்.

எதிர்க்கட்சிக்காரராக எழுதுவது

இடதுசாரி அரசு என்பதற்காக எல்லாவற்றையும் திட்டக்கூடாது. 2023 மார்ச்சில் தொடங்கிய சர்வதேச நாணய நிதியத் திட்டத்தை இந்த அரசு தொடர்கிறது. வட்டி நீங்கலான அரச செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதம் என்ற வரம்பு, முந்தைய அரசு கொண்டுவந்த 2024இன் 44ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. அந்த வரம்பைக் காப்பது யாராக இருந்தாலும் பாராட்டி எழுதுங்கள். மீறினால் அதே எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

அமெரிக்க வலதுசாரிகளின் சண்டையை இறக்குமதி செய்வது

துப்பாக்கி உரிமை இங்கே பிரச்சினை அல்ல. விடுங்கள்.

'அந்தக் காலத்தில்'

எந்தக் காலம்? ஆண்டை எழுதுங்கள், இல்லையேல் வெட்டுங்கள். இணைந்த வடக்கு கிழக்கு மாகாணத்தைச் சொல்கிறீர்கள் என்றால் அது 1988 முதல் 2006 முடியும்வரை.