டோங்கா ரூமில் எங்கே உட்காருவது?
சான் பிரான்சிஸ்கோ போனால் ஃபேர்மாண்ட் ஹோட்டலில் உள்ள டோங்கா ரூமைத் தவறவிடாதீர்கள். பசிபிக் பெருங்கடலில் உள்ள பாலினேசியத் தீவுகளின் சாயலில் 1945-இல் தொடங்கிய மதுக்கூடம் இது; இந்த வகையை டிக்கி (tiki) பார் என்பார்கள். நடுவில் உள்ள குளம் ஒரு காலத்தில் ஹோட்டலின் நீச்சல் குளம். அவ்வப்போது இடி முழங்கி, கூரையிலிருந்து அந்தக் குளத்தில் மழை கொட்டும். இசைக்குழு மிதக்கும் படகில் இருந்து வாசிக்கும். அதனால் முன்பதிவு செய்யும்போதே குளத்தை ஒட்டிய மேசை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மழை குளத்துக்குள்தான் விழும், பயப்பட வேண்டாம்.

எந்தெந்த நாள் திறந்திருக்கும், இசைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அங்கே பலரும் கேட்கும் மை டாய் என்ற காக்டெயில் இனிப்பாக இருந்தாலும் ரம் கலந்தது. நிதானமாகக் குடியுங்கள்.