வன்னி வெக்கைக்கு வீட்டு ஜிஞ்சர் பியர்

இஞ்சியைத் தோலோடு துருவுங்கள், நொதிக்க வைக்கும் ஈஸ்ட் தோலில்தான் இருக்கிறது. ஜாம் போத்தலில் பாதிக்குக் கொதித்தாறிய தண்ணீர் விட்டு, தினமும் ஒரு தேக்கரண்டி இஞ்சியும் அதேயளவு சீனியும் போட்டுக் கலக்கி, வாயைத் துணியால் கட்டி வைத்தால், கிளிநொச்சி வெயிலுக்கு நாலைந்து நாளில் நுரை கட்டும், காதைக் கிட்ட வைத்தால் மெல்லிய இரைச்சலும் கேட்கும்.

அப்புறம் ஒரு லீட்டர் தண்ணீரில் இஞ்சியும் 100 கிராம் சீனியும் கொதிக்கவிடுங்கள். பனங்கட்டி என்றால் இன்னும் அருமை. நன்றாக ஆறட்டும், சூட்டோடு கலந்தால் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு தேசிக்காய்ப் புளியும், ஜாம் போத்தலில் நுரை கட்டிய நொதிநீரை வடித்து அதில் கால் கோப்பையும் சேருங்கள்.

கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் நாலு விரல் இடம் விட்டு மூடி, அடிக்கடி அமத்திப் பாருங்கள், கல்லுப்போல இறுகியதும் உடனே பிரிட்ஜில் வையுங்கள். கொஞ்சம் மதுசாரம் இருக்கும், சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.