வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை தேடுவது எப்படி

கேரளா, தமிழ்நாடு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறையில் நின்றால் இரண்டு பக்கமும் பஸ் உண்டு. ஒன்று மேனோன்பாறை வழியாகக் கேரளப் பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டுக்கு, இன்னொன்று வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்கு. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் 11 வருஷம் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் இருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்க 7 மாதம் ஆனது. அதில் பாதி மாதங்கள் எனக்கு விவரம் தெரியாததால் வீணாகப் போனவை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படி வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரி பாருங்கள். தமிழ் மீடியத்தில் படித்திருந்தாலும் நம் எஸ்எஸ்எல்சி புத்தகம் கேரளாவுடையது, அதில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வரும். கோயம்புத்தூர் பக்கம் முன்னால் போட்டு எழுதுவார்கள். என் ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தது. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்! பிஎஃப் கணக்கில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் புது கம்பெனியில் சேரும்போது மாட்டிக்கொள்வீர்கள். வேலையில் இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள். கம்பெனி மூடின பிறகு கையெழுத்துக்கு யாரைத் தேடுவது?

இன்னொன்று, வேலையை விட்ட தேதி. பழைய கம்பெனிதான் அதை பிஎஃப் கணக்கில் ஏற்ற வேண்டும். என் விஷயத்தில் யாரும் ஏற்றவில்லை. அதற்காகப் பூட்டின கேட்டுக்கு முன்னால் நான்கு முறை போய் நின்றிருக்கிறேன். கடைசியாக அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) இருந்த சேச்சிதான் சொன்னார்கள்: கடைசியாகப் பணம் கட்டின மாதத்தில் இருந்து 2 மாதம் கழிந்தால் நாமே பிஎஃப் இணையதளத்தில் போய் அந்தத் தேதியைப் பதியலாம். ஆதாரோடு இணைத்த போன் நம்பர் கையில் இருந்தால் போதும், ஓடிபி வரும். பத்து நிமிஷ வேலை.

பயோடேட்டா ஒன்றே போதும் என்று நினைக்காதீர்கள். கஞ்சிக்கோட்டுக்குக் கொடுப்பதில் மலையாளம் வாசிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா என்று தனித்தனியாகப் போடுங்கள். நாம் பேசுகிற மலையாளத்தைக் கேட்டதும் எழுதவும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள், பிறகு ஷிஃப்ட் ரிஜிஸ்டரைக் கையில் கொடுக்கும்போது சங்கடம். கோயம்புத்தூர் பக்கம் கேள்வியே வேறு. “கேரளாவில் இருந்தா? தினம் வந்துபோக முடியுமாம்மா?” இந்த ஒரு சந்தேகத்திலேயே என் பயோடேட்டா எத்தனை மேஜையில் ஒதுங்கிக் கிடந்ததோ. அப்புறம்தான் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: எந்த ஊர் பஸ், எங்கே மாறுவேன், எத்தனை மணிக்கு கேட்டுக்கு வந்துவிடுவேன். அதை எழுதுவதற்கு முன்னால் ஒரு வாரம் காலையில் உண்மையாகவே போய்ப் பார்த்தேன். முதல் பஸ்ஸில் போனால் 6 மணி ஷிஃப்ட்டுக்கு எட்டாது, 8 மணி ஷிஃப்ட்டுக்கு எட்டும். அதனால் முதல் ஷிஃப்ட் மட்டும் கேட்கிற இடங்களை அப்போதே விட்டுவிட்டேன்.

‘குவாலிட்டி இன்ஸ்பெக்டர், 11 வருஷம்’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எனக்கு டிப்ளமோ இல்லை, எல்லாம் கையில் செய்து படித்தது. அதனால் எந்தெந்தக் கருவியில் அளப்பேன் என்று வரிசையாக எழுதினேன்: வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஹைட் கேஜ், திரெட் பிளக் கேஜ். எந்தப் பாகங்களைச் சோதித்தேன் என்பதையும் எழுதினேன். அதற்குப் பிறகுதான் கூப்பிடத் தொடங்கினார்கள்.

கூப்பிட்ட இடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குறிச்சி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். மேஜையில் ஒரு பித்தளை புஷ் (குழாய்த் துண்டு மாதிரி ஒரு பாகம்), ஒரு டிராயிங், ஒரு வெர்னியர். வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர், கூடக்குறைய 0.05 வரை இருக்கலாம். அளந்தேன், 32.06. ‘ரிஜெக்ட்’ என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் ஒன்றும் பேசவில்லை. வெர்னியரை வாங்கி, தாடைகளைத் துணியால் துடைத்து, முழுசாக மூடி என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு அளவுகோலின் பூஜ்யமும் சேரவில்லை, மூன்று கோடு தள்ளி நின்றது. ஒரு கோடு 0.02 என்றால் 0.06 பிழை. அதைக் கழித்தால் புஷ் சரியாக 32. நல்ல பாகத்தைத் தள்ளிவிட்டிருந்தேன். பழைய கம்பெனியில் டிஜிட்டல் வெர்னியர், மூடி ஒரு பட்டனை அமுக்கினால் பூஜ்யம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் கை மறந்துவிட்டது. அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே எந்த வேலைக்குப் போனாலும் கருவியைக் கையில் கொடுத்ததும் முதலில் அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பார்ப்பதை எதிரில் இருப்பவர் கவனிக்கிறார். வீட்டில் ஒரு பழைய வெர்னியர் வாங்கி வைத்து, தாழ்ப்பாள் கம்பி, குழாய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் இரண்டு வாரம் அளந்தேன்.

சம்பளம் பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். கம்பெனி ரோலா, கான்ட்ராக்டர் ரோலா, அதாவது யாருடைய ஆளாகச் சேர்க்கிறார்கள்? பிடித்தம் போகக் கையில் எவ்வளவு? 18,000 என்று சொல்வார்கள். அதில் பிஎஃப் கணக்கிடும் சம்பளம் 12,000 என்றால் 12 சதவீதம், அதாவது 1,440 போகும். இஎஸ்ஐ 0.75 சதவீதம், 135 ரூபாய். கையில் வருவது 16,425. அதிலும் கேன்டீன், பஸ் செலவு உண்டு. இஎஸ்ஐ வேண்டாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உரிமை. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுக்கும்போது அந்த 135 ரூபாயின் அருமை தெரியும்.

யூனிஃபார்முக்கு, டிரெயினிங்குக்கு, டெபாசிட் என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வளைகுடா வேலை என்றால் ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

பிஎஸ்சி-யையும், அதாவது அரசு வேலைக்குத் தேர்வு நடத்தும் பப்ளிக் சர்வீஸ் கமிஷனையும், விட்டுவிட வேண்டாம். கேரள பிஎஸ்சி-யில் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆனால் விண்ணப்பித்தால் மட்டும் போதாது, தேர்வு எழுதப்போகிறேன் என்று குறித்த தேதிக்குள் உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் ஹால் டிக்கெட் வராது. என் தங்கை மகள் ஒரு தேர்வை இப்படித்தான் இழந்தாள். வாரம் ஒரு முறை பிஎஸ்சி தளத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இதில் என்னை அதிகம் வாட்டியது, ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்ற பேச்சு. இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண்கள் பஸ்ஸில் இருந்து இறங்குகிற நேரம் பார்த்துக் கடைப் பக்கம் போகாமல் இருந்தேன், “இன்னும் அமையலையா அக்கா?” என்று அன்பாகத்தான் கேட்பார்கள் என்றாலும். பிறகு ஒரு நோட்டு போட்டேன். இடம், பார்த்த ஆள், தேதி, அவர்கள் சொன்னது. பத்தாம் நாள் நானே கூப்பிடுவேன். “அண்ணா, வேறு ஆளை எடுத்துவிட்டீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள், நான் அடுத்த இடம் பார்க்க வேண்டும்.” இப்படிக் கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொன்னார்கள். இல்லை என்று காதால் கேட்ட அன்றைக்கு நன்றாகவே தூங்கினேன்.

குறிச்சிக்காரருக்கும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவரிடம் இடம் இல்லை, ஆனால் மலுமிச்சம்பட்டியில் ஒரு பம்ப் கம்பெனிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் ஒரு வெர்னியரைக் கொடுத்தார்கள். துடைத்தேன், மூடிப் பார்த்தேன், அப்புறம்தான் பாகத்தைத் தொட்டேன்.

சேர்ந்த அன்றே பிஎஃப்புக்கான பழைய யூஏஎன் நம்பரைக் கொடுங்கள், புதிதாக ஒன்று தொடங்க விடாதீர்கள். இரண்டு மாதம் கழித்து பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஏறியிருந்தது.